கொடி தொட்ட கை

அவருடைய வலது பெருவிரல் நகம் பச்சை நிறம். பிறவியில் வந்ததல்ல, வருடக்கணக்காக இலைச்சாறு ஊறிய பச்சை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் மங்கும், செவ்வாய்க்கிழமை திரும்பி வந்துவிடும். வரவுப் பதிவேட்டில் கையொப்பமிடும்போது அந்த நகம் தாளில் ஒரு மெல்லிய கோடு விடும். பதிவேடுகளைப் பரிசோதிக்க வருகிறவர்கள் அதைக் கண்டு, இந்தத் திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் எங்கே என்று கேட்பார்கள். இது திருத்தமல்ல, பாகல் இலை என்று நான் எழுத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறேன். அந்த விளக்கத்துக்கும் ஒரு கோப்பு எண் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கண்டியில் ஒரு விவசாயக் கந்தோரில் நான் தலைமை லிகிதர்; கடிதம், கோப்பு, பதிவேடு எல்லாம் என் கையால்தான் போகும். அவர் எங்கள் போதனாசிரியர்களில் ஒருவர். கலகெதரவிலிருந்து பல்லேகல வரைக்கும் மரக்கறிச் செய்கை அவருடைய பொறுப்பு. திங்கள் முதல் வியாழன் வரை கொடிப் பந்தல்களின் கீழே குனிந்து நடப்பார்; வெள்ளிக்கிழமை கந்தோருக்கு வந்து நாட்குறிப்பு எழுதுவார். இரண்டு பேரும் வடக்கிலிருந்து வந்தவர்கள் என்பதால் என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்துதான் எழுதுவார். எழுதுவது குறைவு. மையொற்றுத் தாளைத் தடவுவார். கோப்பு கட்டும் நாடாவை விரலில் சுற்றி இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் முத்திரை அரக்கை எடுத்து உருட்டிவிட்டு, "கிளாக்கர், இது போன மாசத்து அரக்கு இல்லை" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"இது வழுக்குது. மற்றது பிடிக்கும்."

களஞ்சியப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அரக்கு கொடுக்கிறவர் மாறியிருந்தார். எனக்குத் தெரியாமல் அந்தக் கந்தோரில் நடந்த ஒரே மாற்றம் அதுதான். அதையும் அவர் விரல் கண்டுபிடித்தது.

"கண்ணுக்கு விளங்காது, விரலுக்கு விளங்கும்" என்பார் அடிக்கடி. பெருமைக்காகச் சொல்வதில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்வதுபோலச் சொல்வார். ஒரு இலையைக் கண்டால் கிள்ளுவார், கசக்குவார், மணப்பார், மீதியை லேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பையில் வைப்பார். அந்த லேஞ்சியாலேயே கையையும் துடைத்துக்கொள்வார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி மரக்கறிக் கடைகளில் அவரோடு நடந்துபோவது சங்கடம். சுரைக்காயைத் தட்டுவார், பீர்க்கங்காயின் வரம்பை எண்ணுவார், வெள்ளரியின் காம்பை நசுக்குவார். ஒருநாள் கடைக்கார நானா பொறுக்க முடியாமல் கேட்டார்: "மாத்தயா, வாங்கப் போறீங்களா, நாடி புடிச்சிப் பாக்குறீங்களா?"

"நாடி தான்" என்றார் இவர். "காம்புப் பக்கம் சூடாயிருக்கு. மூட்டையிலை கனநேரம் கிடந்திருக்கு."

"அல்லாவே, மூட்டைட கதையும் தெரியுமா?" என்று நானா காயைப் பிடுங்கி மறுபக்கம் அடுக்கினார்.

தோட்டக்காரர்களுக்கு அந்தக் கையில் வேறொரு நம்பிக்கை இருந்தது. பாலத்துக்கு மேலே, மகாவலிக் கரையோரமாக ஒன்பது துண்டுக் காணிகள் வரிசையாக இருந்தன. அரசாங்கக் காணி, ஒவ்வொரு வருடமும் அனுமதிப் பத்திரம் புதுப்பித்துக் கொடுக்கப்படும். ஒன்பதிலும் புடலை, பாகல், பீர்க்கு, வெள்ளரி என்று கொடிப்பயிர்தான். கொடி பந்தலைத் தொட்டதும் நுனிக் குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளினால் பக்கக் கிளை விட்டுப் படர்ந்து காய்க்கும். எந்தத் தோட்டக்காரனும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. ஆனால் அந்தக் கரையில் கடைசித் துண்டுக்காரரைத் தவிர ஒருவரும் முதல் குருத்தைத் தாங்களாகக் கிள்ளுவதில்லை. இவர் வரும்வரை காத்திருப்பார்கள். ஒரு வருடம் இவர் காய்ச்சலில் கிடந்ததால் தாங்களாகக் கிள்ளினார்களாம், காய் பிடிக்கவில்லையாம். அந்த வருடம் மழையும் பெய்யவில்லை என்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அன்றிலிருந்து மாத்தயாவின் கை ராசியான கை. முதலாவது துண்டிலிருந்து வரிசையாக, ஒவ்வொரு கொடியாக, அந்தப் பச்சை நகத்தால் கிள்ளிக்கொண்டே போவார். நூற்றுக்கணக்கான கொடிகள். ஒன்றைக்கூட விடமாட்டார், விட்டால் அந்த வீட்டுக்காரருக்குக் கோபம் வரும்.

முதலாவது துண்டு ஸபியா உம்மாவுடையது. கணவர் இறந்தபின் இரண்டு பெண் பிள்ளைகளோடு அந்தக் கால் ஏக்கரைத் தனியாகச் செய்துவந்தார். முக்காட்டை இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு மண்வெட்டி பிடிப்பார். எங்கள் கந்தோர் விதை விநியோகித்தது. மற்ற எல்லாரும் அதைத்தான் போட்டார்கள். ஸபியா உம்மா மட்டும் தன் கொடியில் முற்றவிட்ட காயிலிருந்து எடுத்த விதையைச் சாம்பலில் புரட்டி, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, அதையே போட்டார்.

"கந்தோர் வெத பொட்டியில வருது. என்ட வெத பொகையில வருது. எது மொளைக்குதுன்னு பாத்துக்குவோம்" என்பார். இரண்டும் முளைக்கும். அவருடையது இரண்டு நாள் முந்தி முளைக்கும். இந்தத் தகவலுக்கு எங்கள் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

ஒன்பதாவது துண்டு மாரிமுத்துவுடையது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை செய்துவிட்டு, கங்காணியோடு முறைத்துக்கொண்டு இறங்கி வந்தவர். அவரிடம் ஒரு செம்பட்டை நாய் இருந்தது. போதனாசிரியருக்கு உலகத்தில் தொட விருப்பமில்லாத ஒரே பொருள் நாய். ஆகவே ஒன்பதாவது துண்டை மட்டும் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். மாரிமுத்து தன் கொடிகளைத் தானே கிள்ளிக்கொள்வார். "நாய கட்டிப்போடுறேன், வாங்கய்யா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாராம். "கயிறு பழசாயிருக்கு" என்று ஒவ்வொரு முறையும் இவர் சொல்வாராம்.

நாட்குறிப்பில் அதை மறைக்கமாட்டார். "9ஆம் துண்டு: வேலிக்கு வெளியிலிருந்து பார்க்கப்பட்டது. காரணம், நாய்" என்று எழுதுவார். பரிசோதனை என்றால் காணிக்குள் சென்று செய்வது என்று எங்கள் சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னது. நாய் ஏற்கத்தக்க காரணமல்ல என்று நான் வருடத்துக்கு இரண்டு முறை அவருக்குக் குறிப்பு அனுப்புவேன். அவர் அதன் மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கடுதாசி" என்று கோப்பில் போடுவார்.

அந்த வருடம் கலகெதரப் பக்கம் ஒரு பூசணித் தோட்டத்தில் அவர் ஒரு நோயைக் கண்டார். வெள்ளிக்கிழமை வந்தவர் நாட்குறிப்பைத் திறக்கவே இல்லை. லேஞ்சியை என் மேசையில் அவிழ்த்தார். உள்ளே ஏழெட்டு இலைகள். பச்சையும் வெளிர் மஞ்சளும் திட்டுத்திட்டாக, மேடு பள்ளமாக, ஓரம் சுருங்கி, வெந்நீர் பட்ட தோல்போல இருந்தன.

"தேமல்" என்றார். "மனிசருக்கு வாற மாதிரித் தான். கை வைச்சுப் பாருங்கோ, பச்சை மேடு, மஞ்சள் பள்ளம். கண்ணை மூடிக்கொண்டே நிறம் சொல்லலாம்."

"என் வரவுப் பதிவேட்டின்மேல் கிடக்கிறது. எடுங்கோ."

"நுணுக்குக்காட்டியிலை சாறு விட்டுப் பாத்தனான், கிளாக்கர். ஒண்டும் இல்லை. பூஞ்சணமில்லை, புழுவில்லை, ஒண்டுமே இல்லை."

"அப்ப நோயில்லை."

"நோயிருக்கு. நோய் தாறது தான் தெரியேல்லை. அதுதானே விசேஷம்." அவர் கண்கள் பளபளத்தன. எந்தக் கண்ணாடிக்கும் அகப்படாத, எந்த வடிதாளும் நிறுத்தாத அளவுக்குச் சிறிய நச்சு ஒன்று இருக்கிறது என்று பெரிய ஆய்வாளர்கள் சொல்வதாக விளக்கினார். பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாகப் பேசிய அரசாங்க உத்தியோகத்தரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கலகெதரவுக்குப் போய் அந்தப் பூசணி இலைகளைத் தடவிவிட்டு, அங்கிருந்து பஸ் ஏறிக் கட்டுகஸ்தோட்டையில் இறங்குவார். ஆற்றங்கரையில் புடலை பந்தலைத் தொட்டுக்கொண்டிருந்த பருவம். கிள்ளும் வேலை மும்முரம்.

மூன்று வாரம் கழித்து ஸபியா உம்மாவின் புடலையில் தேமல் கண்டது. நுனிகள் படராமல் விறைத்து நின்றன. பிஞ்சுகள் வெளிறி, பருக்கள் போட்டு, கசந்தன. அடுத்த வாரம் இரண்டாவது துண்டு. பிறகு மூன்று, நான்கு என்று எட்டாவது வரைக்கும் போனது. ஒவ்வொரு வாரமும் இவர் முதலாவது துண்டிலிருந்து எட்டாவது வரை ஒவ்வொரு இலையையும் தூக்கி, மடித்து, தடவிப் பார்த்தார். முழுமையான பரிசோதனை. ஒரு குறையும் சொல்ல முடியாது.

கொடிப்பயிருக்குத் தொற்று நோய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரு படிவம் இருந்தது. நோய் முதலில் கண்ட துண்டு மூலத் துண்டு எனப்படும். அங்கே உள்ள எல்லாக் கொடியும் பிடுங்கி எரிக்கப்படும். அந்தக் காணிக்காரரின் அனுமதிப் பத்திரம் அடுத்த வருடம் புதுப்பிக்கப்படாது. படிவத்தின் ஏழாவது கட்டம்: "நோய் வந்த வழி." அதற்கு நான்கு பதில்கள் அச்சிடப்பட்டிருந்தன. விதை, பூச்சி, அயல் துண்டு, தெரியாது. ஒன்றை விட்டு மற்றவற்றை வெட்ட வேண்டும்.

அவர் "விதை"யை விட்டு மற்றவற்றை வெட்டினார். கந்தோர் விதை போட்ட ஏழு பேருக்கும் பிறகே வந்தது, சொந்த விதை போட்டவருக்கு முதலில் வந்தது என்பது காரணம். நியாயமான காரணம்தான். நானே அதைத் தட்டச்சுச் செய்தேன்.

எரித்த அன்று சாட்சியாக ஒரு லிகிதர் போக வேண்டும் என்பது விதி. நான் போனேன். பிடுங்கிய கொடிகள் பச்சையாக இருந்ததால் தீ பிடிக்கவில்லை; மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஸபியா உம்மா பந்தல் கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாத்தயா, பதினொரு போகம் இந்த வெதயத்தான் போட்டீக்கி. பதினொரு போகமும் இல்லாத சீக்கு இப்ப எப்படி வெதக்குள்ள வந்த?"

"அது தான் எனக்கும் விளங்கேல்லை, உம்மா" என்றார் இவர். உண்மையாகவே விளங்காமல்தான் சொன்னார்.

"வெளங்காமயா எழுதின? காணி போனா நான் ரெண்டு புள்ளையளயும் கூட்டிட்டு எங்க போற? அத எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

பக்கத்துத் துண்டுக்காரர்கள் வேலியோரம் நின்று, புகைவிதை போட்ட பெண்ணால்தான் தங்கள் கொடியும் போனது என்று ஸபியா உம்மாவின் காதில் விழும்படி பேசிக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் துண்டுவாரிப் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தேன். அனுமதிப் பத்திரப் பட்டியல் மாதக் கடைசியில் மேலே போக வேண்டும். ஒன்று முதல் எட்டு வரை நோய். ஒன்பதுக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"ஒன்பது?"

"சுத்தம்" என்றார். "ஒரு இலையிலை கூட இல்லை. வேலிக்கு வெளியிலையிருந்து பாத்தனான்."

"கந்தோர் விதையா?"

"ஓம். மற்ற ஏழு பேருக்கும் குடுத்த அதே விதை."

பல வருடங்களாக நாயைப் பற்றிக் குறிப்பு எழுதிய எனக்கு அந்த இடம் விட்டுக்கொடுக்க முடியாததாக இருந்தது. "நீங்கள் உள்ளுக்குப் போகாத காணிக்கு நோயும் போகேல்லைப் போல" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என் கண்ணாடிக் காகிதப்பாரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். விரல் நின்றது. அதை மெதுவாக, உடையக்கூடியதை வைப்பதுபோல, மேசையில் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, யாரோ அப்போதுதான் கொண்டுவந்து கொடுத்த பொருள்களைப்போலப் பார்த்தார். நாட்குறிப்பு எழுதாமலே எழுந்து போனார். அது விதிமீறல், நான் குறித்துக்கொள்ளவில்லை.

அவர் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக வாடகைக்கு இருந்தார். முற்றத்தில் மண்ணெண்ணெய்த் தகரங்கள் பன்னிரண்டில் மண் நிரப்பி வெள்ளரி போட்டார். இரண்டிலை விட்டதும், ஆறு தகரத்தை வலப்பக்கமும் ஆறு தகரத்தை இடப்பக்கமும் வைத்தார். கலகெதரவுக்குப் போய்ப் பூசணி இலையைத் தடவிவிட்டு, வழக்கம்போல லேஞ்சியில் கை துடைத்து, வழக்கம்போல பஸ்ஸில் வந்து, வலப்பக்கத்து ஆறையும் தொட்டுக் கிள்ளினார். பிறகு சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, நகத்தையும் ஒட்ட வெட்டி, இடப்பக்கத்து ஆறையும் அதேபோல் கிள்ளினார். தகரங்களுக்கு மேலே மெல்லிய துணிக் கூடு, பூச்சி போகாமல். இவ்வளவையும் எனக்குச் சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ கந்தோருக்கு நேரே வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வலப்பக்கத்து ஆறிலும் தேமல். இடப்பக்கத்து ஆறும் பளிங்குபோல.

"ஆறுக்கு ஆறு, கிளாக்கர். ஒண்டு கூடப் பிசகேல்லை. பாருங்கோ, கிள்ளின இடத்துக்கு மேலையிருந்து தான் துவங்குது. என்ன வடிவாப் போகுது பாத்தீங்களோ?"

முகம் முழுவதும் சந்தோஷம். ஒரு புதிரின் கடைசி முடிச்சு அவிழ்ந்தவருடைய சந்தோஷம். அந்த அரை நிமிடத்தில் எனக்கு அவரைப் பிடித்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. தன் கையே குற்றவாளி என்பதை மறந்துவிட்டு, அந்தக் கை எவ்வளவு ஒழுங்காகக் குற்றம் செய்திருக்கிறது என்று வியந்துகொண்டிருந்தார்.

பிறகு நினைவு வந்தது. தகரத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். "எரிச்சுப் போட்டேனே" என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. பட்டியல் மேலே போவது வெள்ளிக்கிழமை. படிவத்தைத் திருத்த வேண்டும் என்றார். எனக்கு வழி தெரிந்திருந்தது, அதுவும் நல்ல வழி. ஒன்பதாவது துண்டு காணிக்குள் சென்று பரிசோதிக்கப்படவில்லை. ஆகவே வரிசையின் பரிசோதனை நிறைவடையவில்லை. நிறைவடையாத பரிசோதனையில் மூலத் துண்டு என்று எதையும் அறிவிக்க முடியாது. ஸபியா உம்மாவின் பத்திரம் தானாகப் புதுப்பிக்கப்படும்.

"நாய் எண்டு எழுதினால் போதும்" என்றேன். "உங்கட கையைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை."

அவர் யோசித்தார். "காணி தப்பும். ஆனா புகைவிதை எண்ட பேர் போகாது. அடுத்த போகம் நானும் போவன், மற்றப் போதனாசிரியர்மாரும் போவினம், எல்லாரும் தொடுவம். கை எண்டு எழுதினால் தான் கை கழுவுவினம்."

"கை எண்டு எழுதினால் உங்களை வெளியிலை விடமாட்டினம்."

"அதுவும் சரிதானே. விடக்கூடாது தானே."

ஏழாவது கட்டத்துக்குத் திருத்தம் எழுதினார். நான்கு பதில்களில் ஒன்றுதான் இருக்கலாம் என்பதால், மூன்றை வெட்டி, "பூச்சி" என்பதை விட்டு, அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "போதனாசிரியர்" என்று எழுதினார். கூடவே தகரங்களின் விபரம் இரண்டு பக்கக் கடிதமாக.

நான் செய்தது ஒன்றுதான். அதைக் கந்தோரின் தலைவரான பெரியவரிடம் கொண்டுபோகுமுன் உள்வரவுப் பதிவேட்டில் பதிந்து, முத்திரை குத்தி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அலுமாரியில் பூட்டினேன். பதிவு முத்திரை விழுந்த கடிதத்தை இல்லாததாக்க ஒரு வழியும் இல்லை. எனக்குத் தெரியாத வழி அந்தக் கந்தோரில் இருக்கவில்லை.

பெரியவர் இரண்டு முறை வாசித்தார். பிறகு, உமது ஆள் தன்னைப் பூச்சியென்று அறிவித்திருக்கிறாரே, இவருக்கு என்ன மருந்து தெளிப்பது என்று கேட்டார். முத்திரையைக் கண்டதும் பகிடியை நிறுத்தினார். இது ஏன் முதலில் என்னிடம் வரவில்லை என்றார். உள்வரும் கடிதங்கள் முதலில் பதிவாக வேண்டும் என்பது தங்களுடைய சுற்றறிக்கை, ஐயா என்றேன்.

ஸபியா உம்மாவின் பெயர் பட்டியலில் மீண்டது. அறிவித்தலை நேரில் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும். வழக்கமாகப் பியோன் போவான். நான் போனேன், அவரும் வந்தார். வேலிக்கு வெளியே நின்று அவரே சொன்னார். மற்றத் துண்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். கலகெதர, லேஞ்சி, நகம், தகரங்கள். ஒன்றையும் விடவில்லை.

மற்றவர்கள் நம்பவில்லை. "மாத்தயாட கைக்கு யாரோ கண்ணு வெச்சீக்கி" என்றார் மூன்றாவது துண்டுக்காரர்.

ஸபியா உம்மா நம்பினார். "கூப்பிட்டுக் கூப்பிட்டு நாங்க தானே உள்ள எடுத்த" என்றார். "கிள்ளாட்டி கோவிச்சிக்கிட்டதும் நாங்க தான். மாரிமுத்துட நாய்க்கு ஈக்கிற புத்தி இந்தக் கரையில ஒருத்தருக்கும் ஈக்கல்ல."

கடைசித் துண்டிலிருந்து மாரிமுத்து, "அப்ப என் நாய்க்கு கவர்மெண்ட் வேல ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, அய்யா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"உம்மா, நான்…" என்று இவர் தொடங்கினார்.

"பத்திரம் கெடச்சிருச்சி. அது போதும். இனி இந்த வேலிக்கு உள்ளுக்குக் கைய கொண்டு வராதீங்க, மாத்தயா." கையொப்பத்துக்குப் பதில் பெருவிரலை மையில் அழுத்தி அறிவித்தலில் வைத்தார். படலையைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் முடியுமுன் அவருக்கு உள்வேலை உத்தரவு வந்தது. விதைக் களஞ்சியப் பேரேடு. மேசை எனக்கு எதிரே. கொடிப்பயிரை ஒவ்வொரு துண்டிலும் தொடுமுன் கை கழுவ வேண்டும், கத்தியைத் துடைக்க வேண்டும், நோயிலையைக் காணிக்குக் காணி கொண்டுபோகக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை எல்லாப் போதனாசிரியர்களுக்கும் போனது. பெரியவரின் பெயரில். அதை அடித்தவன் நான். அடியில் "தொடர்பு" என்ற வரியில் அவருடைய கடிதத்தின் இலக்கத்தைப் போட்டேன். அந்த இலக்கத்தை ஒருவரும் தேடிப் பார்த்திருக்கமாட்டார்கள். இதெல்லாம் வேறு நாடுகளில் ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று பிறகு அறிந்தேன். எங்களுக்கு ஒரு தோட்டம் எரிந்த பிறகு தெரிந்தது.

உள்ளே வந்த பிறகு அவர் எதையும் தொடுவதைக் குறைத்துக்கொண்டார். பேனையைப் பிடிப்பார், பேரேட்டைத் திருப்புவார். மீதி நேரம் கைகள் மடியில் கிடக்கும். ஒருநாள் நான் வேண்டுமென்றே புது அரக்குக் கட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் பார்த்தேன். நன்றியோடு பார்த்தார், எடுக்கவில்லை. என்னிடம் அவர் கேள்வி கேட்பதும் நின்றது. மழை என்றால் மழை, வெயில் என்றால் வெயில். கந்தோருக்கு அது வசதியாக இருந்தது. எனக்கு இல்லை.

அடுத்த போகத்தில் ஆற்றங்கரையில் ஒரு கொடியிலும் தேமல் இல்லை என்று புதுப் போதனாசிரியரின் அறிக்கை வந்தது. அதை அவரிடம் நீட்டினேன். வாசித்தார். "ஒன்பதாவது துண்டுக்கு உள்ளுக்குப் போனவரோ?" என்று கேட்டார். போயிருந்தார். நாய் கடித்திருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை ஸபியா உம்மா கந்தோர் வாசலில் நின்றார். பத்திரம் புதுப்பிக்கும் நாள். வேலை முடிந்ததும் போகவில்லை. கையில் வைத்திருந்த துணியை அவிழ்த்து, ஒரு புடலங்காயை விதைக் களஞ்சியப் பேரேட்டின்மேல் வைத்தார். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீளம். வெள்ளை வரி போட்ட இளம் பச்சை.

"பொகவெத" என்றார்.

இவர் குனிந்து பார்த்தார். கை மடியிலேயே இருந்தது.

"நல்ல காய், உம்மா."

"கண்ணால பாத்தே சொல்லுறீங்களா, மாத்தயா? இது அறுத்த காய் தானே. கொடிய விட்டு வந்திருச்சி. இனி இதுக்கு ஒங்களால ஒரு சீக்கும் குடுக்க ஏலா. தொடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், ஏதாவது சுற்றறிக்கை தடுக்கிறதா என்று கேட்பதுபோல. அப்படி ஒன்று இல்லை. நான் தலையைக் கோப்பில் புதைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு விரல். பிறகு உள்ளங்கை. காம்பிலிருந்து வால் வரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். வால் பக்கம் மெல்ல அழுத்தினார், நிறுத்தினார், திரும்ப அழுத்தினார். மூக்கருகே கொண்டுபோனார். நெற்றி சுருங்கியது.

"உம்மா, அவசரப்பட்டு ரெண்டு நாள் முந்திப் பிடுங்கிப் போட்டியள்."

ஸபியா உம்மா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டார். "அப்படியா? ரெண்டு நாள் போகட்டும்னு ஈந்தா தொட்டுப் பாக்க நீங்களே வேலிப் பக்கம் வந்து நிப்பீங்களோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, துணியை உதறி மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.